தயிரும் உடல்நலமும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கண்டி மாநகரின் கடைவீதிகளில் இன்று பாலுணவு இரண்டு கோலங்களில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று, தாளால் வாய் மூடப்பட்டு நூலாற் கட்டப்பட்ட மண்சட்டியிலுள்ள எருமைத் தயிர். மற்றையது, குளிர்சாதனப் பெட்டியினுள் அடுக்கப்பட்ட, 80 கிராம் அளவான சிறு பிளாத்திக்குக் கிண்ணங்களிலுள்ள யோகட். முன்னதைக் கித்துள் பாணியுடன் விருந்தின் முடிவில் உண்பதும், பின்னதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் வாங்கிச் செல்வதும் இங்குள்ள வழக்கம். இரண்டும் 'உடம்புக்கு நல்லவை' என்பதில் யாருக்கும் ஐயம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எவ்வகையில் நல்லவை, யாருக்கு நல்லவை, அந்த நன்மை யாருடைய கைக்கு எட்டுகின்றது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களை இயன்றவரை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்குத் தயிர் புதிய பொருளன்று. குறுந்தொகையின் 167 ஆம் பாடலில் புதுமணப்பெண் தன் விரலால் தயிரைப் பிசைந்து கணவனுக்குச் சமைத்தளிக்கும் காட்சியை இலக்கிய மாணவர் யாவரும் அறிவர். அதனினும் எமது பொருளுக்கு நெருக்கமானது பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகளின் சித்திரம். அவள் புலர்காலையில் தயிர் கடைந்து வெண்ணெயை எடுத்தபின், மோரைத் தலைமேற் சுமந்து சென்று விற்கிறாள். அதற்கு மாறாகப் பெற்ற தானியத்தால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போதோ பொன்னை வேண்டாது எருமையையும் பசுவையும் கன்றையும் பெற்றுக்கொள்கிறாள். இதனைக் கற்பனை நயத்துக்காக மட்டும் பாராட்டுதல் போதாது. வீட்டின் உணவு, விற்பனைக்குரிய பண்டம், உற்பத்திச் சாதனத்தின் பெருக்கம் ஆகிய மூன்றும் ஒரு பெண்ணின் கையில் ஒருங்கே இருந்தமையை அப்பகுதி காட்டுகின்றது. கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் இம்மூன்றும் எவ்வாறு பிரிந்து நிற்கின்றன என்பதைப் பின்னர் நோக்குவோம்.

தயிர் வேறு, யோகட் வேறு

பொதுவழக்கில் இவை ஒன்றெனக் கருதப்படினும் நுண்ணங்கியியல் நோக்கில் வேறுபாடு உண்டு. யோகட் என்பது இலற்றோபசிலசு பல்காரிக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு தேர்மோபிலசு என்னும் இரு பற்றீரியாக்கள் கூட்டாகப் பாலை நொதிக்கச் செய்வதால் உண்டாவது. இவ்விரண்டும் வெப்பம் விரும்பிகள். 42 முதல் 45 பாகை சென்ரிகிறேட் வெப்பநிலையில் மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் பாலை உறையச் செய்துவிடுவன. வீட்டுத் தயிரில் இருப்பன இவை மட்டுமல்ல. முதல்நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக இட்டு, அறை வெப்பநிலையில் ஓரிரவு வைக்கும்போது, மிதவெப்பத்தில் வளரும் இலற்றோகொக்கசு இனங்களும், வீட்டுக்கு வீடு மாறுபடும் பிற இனங்களும், சில வேளைகளில் மதுவங்களும் அதிற் பங்குகொள்கின்றன. இதனாலேயே ஒருவர் வீட்டுத் தயிரின் சுவை மற்றொருவர் வீட்டுத் தயிருக்கு வாய்ப்பதில்லை.

நிகழ்வது யாதெனில், பற்றீரியாக்கள் பாலிலுள்ள இலற்றோசு எனப்படும் பால்வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பெருகப் பெருகப் பாலின் பி.எச். பெறுமானம் குறைந்துகொண்டு செல்லும். அது 4.6 அளவை அணுகும்போது கேசின் என்னும் பாற்புரதம் கரைநிலையை இழந்து ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் அமைகின்றது. அவ்வலைக்குள் நீரும் கொழுப்பும் சிறைப்படுகின்றன. தயிர் என்பது இதுவே. பாலை முன்னதாக நன்கு காய்ச்சுவது கிருமிகளைக் கொல்வதற்கு மட்டுமன்று; வெப்பத்தால் ஊனீர்ப் புரதங்கள் இயல்பு திரிந்து கேசினுடன் ஒட்டிக்கொள்வதாற் தயிர் இறுகி நிற்கின்றது. பச்சைப்பாலில் உறையூற்றினாற் போதும் என்று கூறுவோரும் உளர். காசநோய், புரூசெல்லா முதலிய நோய்க்கிருமிகள் பாலின்வழி பரவக்கூடியவை. தயிரின் புளிப்பு அவற்றையெல்லாம் அழித்துவிடும் என்று நம்பியிருத்தல் தகாது. காய்ச்சாத பாலுக்கு ஆதரவாகப் பழமையின் பெயரால் வாதாடுவதை இக்கட்டுரையாளர் ஏற்பதற்கில்லை.

எருமைத் தயிர் கட்டியாயிருப்பதற்கு இரு காரணங்கள் உள. பசுப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரை இருக்க, எருமைப்பாலில் ஏழுக்கு மேற்படுவது வழக்கம். புரதமும் கல்சியமும் அதில் அதிகம். மற்றையது மண்சட்டி. சூளையிற் சுட்ட மட்பாண்டத்தின் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாகச் செய்கின்றன. நீர் குறையத் தயிர் செறிவடைகின்றது. ஆவியாதலாற் சட்டியும் குளிர்ந்திருக்கின்றது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தின் குளிரூட்டி அச்சட்டியே எனலாம்.

நீண்ட ஆயுளும் மெச்சினிக்கோவும்

தயிர் பற்றிய நவீன மருத்துவப் பேச்சு ஐரோப்பாவிலே தொடங்கியது. 1905 இல் ஸ்ராமென் கிரிகொரோவ் என்னும் பல்கேரிய மாணவர் ஜெனீவாவில் இருந்தபோது தம் நாட்டுத் தயிரிலுள்ள கோல்வடிவப் பற்றீரியாவைக் கண்டு விவரித்தார். அக்காலத்தில் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவகத்தில் எலி மெச்சினிக்கோவ் பணியாற்றிக்கொண்டிருந்தார். கிருமிகளை விழுங்கும் குருதிக் கலங்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908 இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. முதுமை என்பது பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் உணவை அழுகச்செய்து வெளியிடும் நச்சுகளால் விளையும் நோய் என்றும், புளித்த பாலின் பற்றீரியாக்கள் குடலிற் குடியேறி அவ்வழுகலைத் தடுக்கும் என்றும் அவர் கருதினார். பல்கேரியக் குடியானவர்களிடையே நூறு வயது கடந்தோர் மிகுதி என்ற செய்தி அவருக்குச் சான்றாகத் தோன்றியது. 1907 இல் வெளிவந்த அவருடைய நூலொன்று இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஐரோப்பிய நகரங்களிற் புளித்த பால் மருந்துக்கடைச் சரக்காயிற்று. 1919 இல் பார்சலோனாவில் ஐசாக் கராசோ தொடங்கிய யோகட் தொழில், இன்று உலகறிந்த தனோன் நிறுவனமாக வளர்ந்துள்ளது.

இக்கொள்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரெற்கர் என்பவரும் உடன் ஆய்வாளரும், பல்கேரியப் பற்றீரியா மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை எனக் காட்டினர். நாள்தோறும் புளித்த பால் அருந்திய மெச்சினிக்கோவ் 1916 இல் தமது 71 ஆவது வயதிற் காலமானார். அவர் தந்தையும் தாயும் எத்தனை வயதுவரை வாழ்ந்தனர் என்று கேட்டுப் பரிகசித்தல் எளிது. ஆயினும் குடலில் வாழும் நுண்ணங்கிகளுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்புண்டு என்ற அவருடைய அடிப்படை எண்ணம் இன்று மீண்டும் ஆய்வின் மையத்துக்கு வந்துவிட்டது. பிழையான சான்றிலிருந்து பயனுள்ள வினா பிறத்தல் விஞ்ஞான வரலாற்றிற் புதிதன்று. பிழையான சான்றையே இன்றும் விளம்பரமாக விற்பதுதான் கண்டிக்கத்தக்கது.

உறுதியாகத் தெரிந்தவை

தயிரின் நன்மைகளில் மிக வலுவான சான்றுடையது பால்வெல்லச் சமிபாடு பற்றியதாகும். குழந்தைப் பருவத்தில் எல்லா மனிதரின் சிறுகுடலிலும் இலற்றேசு என்னும் நொதியம் சுரக்கின்றது. தாய்ப்பாலின் வெல்லத்தைப் பிரிப்பது அதன் பணி. பால்குடி மறந்தபின் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அந்நொதியம் குறைந்துவிடும். வட ஐரோப்பியரிலும், வடமேற்கு இந்தியாவின் சில சமூகங்களிலும் அது வாழ்நாள் முழுவதும் தொடர்வது பெருவழக்கு. தென்னாசியாவிற் தெற்கே வரவர அவ்வியல்பு அருகிச் செல்கின்றது. எனவே தமிழரிலும் சிங்களவரிலும் பெரும்பாலான வளர்ந்தோர் பால்வெல்லத்தை முழுமையாகச் சமிக்க முடியாதவர்களே. சமியாத வெல்லம் பெருங்குடலை அடையும்போது அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதித்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிற்றுப் பொருமல், இரைச்சல், மிகின் வயிற்றோட்டம் என்பன விளைகின்றன. 'பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என முதியோர் கூறுவதை நாம் மனப்பிரமை எனத் தள்ளிவிடுகின்றோம். அவர்கள் கூற்றே உடற்றொழிலியலுக்கு இசைவானது. இத்தகையோரிற் பலர் ஒரு குவளை பாலை, அதிலும் உணவோடு சேர்த்து, தீங்கின்றி அருந்தமுடியும் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். இது நோயன்று, மனித இனத்தின் பெரும்பான்மை இயல்பு.

தயிர் இவ்விடத்தில் இரு வழிகளில் உதவுகின்றது. உறையும்போதே பால்வெல்லத்தின் கணிசமான ஒரு பங்கு அமிலமாகிவிடுகின்றது. எஞ்சியதைச் சமிப்பதற்கு, உயிருடன் உட்செல்லும் பற்றீரியாக்கள் தம்முள் வைத்திருக்கும் நொதியமே சிறுகுடலில் வெளிப்பட்டுத் துணைபுரிகின்றது. 1984 இல் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வாளர்கள் இதனைத் தெளிவாகக் காட்டினர். சமியாத வெல்லத்தின் அளவை மூச்சில் வெளிவரும் ஐதரசனைக் கொண்டு அளக்கலாம். சமமான அளவு பால்வெல்லத்தைப் பாலாகவும் யோகட்டாகவும் கொடுத்தபோது, யோகட் உண்டவரின் மூச்சிற் பாலருந்தியபோது வெளிவந்ததில் மூன்றிலொரு பங்களவு ஐதரசனே காணப்பட்டது. தம் செரிமானத்துக்கு வேண்டிய கருவியைத் தாமே சுமந்துவரும் உணவு என இதனைக் கூறலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, யோகட் பற்றிய எத்தனையோ விளம்பரக் கூற்றுகளை நிராகரித்தபோதிலும், 2010 இல் இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டது. கிராமுக்குப் பத்துக் கோடி உயிர்ப் பற்றீரியாக்களாவது இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இந்நிபந்தனையின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. கொதிக்கும் சோற்றில் இட்ட தயிரிலோ, மோர்க்குழம்பிலோ பற்றீரியாக்கள் உயிருடன் இருப்பதில்லை. அவற்றின் புரதமும் கல்சியமும் குன்றுவதில்லை; ஆனால் மேற்கூறிய நன்மை நீங்கிவிடும். சோறு ஆறியபின் தயிரிட்டுப் பிசையும் பழக்கம் சுவைக்காக ஏற்பட்டதாயினும், விஞ்ஞானத்துக்கு உடன்பாடானதே.

ஊட்டச்சத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. நூறு கிராம் பசுப்பாற் தயிரில் மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும், ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. மரக்கறி உணவினருக்கு மிக அரிதான விற்றமின் பி-12, பாலுணவின் வழியே கிடைக்கின்றது. தாவர உணவுகளில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் தயிரில் இரும்புச்சத்து மிகக் குறைவு. குருதிச்சோகை மிகுந்த பிரதேசத்தில் தயிரை அதற்கு மருந்தாகக் கூறுதல் தவறு. பாலின் கல்சியமும், அதனினும் தேயிலையின் பொலிபீனோல்களும் கீரை, பருப்பு முதலியவற்றின் இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. உணவோடு தேநீர் அருந்துவதை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தல் மலையகப் பெண்களுக்குத் தயிரைவிடப் பயன்தரும் அறிவுரையாகலாம்.

வயிற்றோட்டம் நீடிக்கும் குழந்தைகளுக்குப் பாலைக் குறைத்துப் புளிக்கவைத்த பாலைக் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறுகின்றது. உப்புச் சீனிக் கரைசலும் மருத்துவ உதவியும் முதன்மையானவை என்பதை மறத்தலாகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை.

நீரிழிவு பற்றிய செய்தி சற்று நுட்பமானது. தொடர்ந்து யோகட் உண்போரில் இரண்டாம் வகை நீரிழிவு ஓரளவு குறைவாகக் காணப்படுவதை நீண்டகால அவதானிப்பு ஆய்வுகள் சில காட்டியுள்ளன. 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், வாரத்துக்கு இரு கோப்பை யோகட் அவ்வாபத்தைக் குறைக்கக்கூடும் என்னும் கூற்றைப் பொதிகளில் அச்சிட அனுமதித்தது; ஆனால் சான்று மட்டுப்படுத்தப்பட்டதே என்பதையும் சேர்த்தே அச்சிடவேண்டும். அனுமதியைக் கோரியது யோகட் தயாரிக்கும் ஒரு நிறுவனமே. யோகட் உண்போர் பிறவகையிலும் உடல்நலம் பேணுவோராக, வசதியுடையோராக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவதானிப்பு ஆய்விற்கு எளிதன்று.

எங்ஙனமாயினும், கண்டியின் கடைகளிற் பெருமளவில் விற்பனையாகும் கிண்ண யோகட்டுக்கு இவ்வாய்வு முடிவை அப்படியே பொருத்துதல் இயலாது. அது சீனி சேர்த்துச் செய்யப்படுவது. பொதியில் நூறு கிராமுக்கு எத்தனை கிராம் சீனி எனக் குறிக்கப்பட்டுள்ளதோ, அதிலிருந்து பாலுக்கே உரிய ஏறத்தாழ நான்கு கிராமைக் கழித்தால், சேர்த்த சீனியின் அளவை எவரும் கண்டுகொள்ளலாம். இலங்கையில் 2016 இல் இனிப்புப் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. பின்னர் திண்ம உணவுகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. அக்குறியைப் பார்த்து வாங்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. கித்துள் பாணி இயற்கையானது, ஆகவே நீரிழிவாளர்க்குத் தீங்கற்றது என்றொரு நம்பிக்கையும் இங்கு உலவுகின்றது. பாணி பெரும்பாலும் வெல்லமே. மரத்திலிருந்து வந்தமையால் அது குருதியில் வேறுவிதமாக நடந்துகொள்வதில்லை. கிண்ண யோகட்டை இறுகச் செய்வதற்கு விலங்கின் தோல், என்பு என்பவற்றிலிருந்து பெறும் செலற்றின் சேர்க்கப்படுவதுண்டு என்பதையும் மரக்கறி உணவினர் அறிந்திருத்தல் நன்று.

தயிர் 'குளிர்மை', இரவில் உண்டாற் சளி பிடிக்கும் என்ற கருத்துத் தமிழரிடமும் சிங்களவரிடமும் ஒருங்கே காணப்படுகின்றது. ஆயுர்வேதமும் சித்தமருத்துவமும் இரவிற் தயிரை விலக்குகின்றன. மோரை நீர்பெருக்கி அருந்துமாறு கூறுகின்றன. தயிர் தடிமனை உண்டாக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. அதேவேளை, நீர்பெருக்கிய மோர் கொழுப்புக் குறைந்த, எளிதிற் செரிக்கும் பானம் என்பதில் எவரும் குறைகாண முடியாது. மரபை முழுவதும் ஏற்கவும் வேண்டியதில்லை, முழுவதும் இகழவும் வேண்டியதில்லை.

பால் யாருடைய கையில்?

இதுவரை கூறியவை மருத்துவ நூல்களிற் கிடைப்பனவே. கண்டியைச் சூழ்ந்த பிரதேசத்தில் இவ்வறிவுக்கு என்ன பொருள் என்பதே எமது கவனத்துக்குரியது.

கால்நடை பற்றிய கல்விக்கும் நிருவாகத்துக்கும் இலங்கையில் இதனை விடச் சிறந்த நிலைக்களம் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் விவசாய பீடமும், கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் சில மைல் தொலைவுக்குள் அமைந்துள்ளன. திகணையில் அரச பாற்றொழிற்சாலை ஒன்றுண்டு. ஆனால் நாட்டின் பாற்தேவையிற் பாதிக்கும் குறைவான பங்கையே உள்நாட்டு உற்பத்தி நிறைவுசெய்கின்றது. எஞ்சியது பால்மாவாகக் கப்பலில் வருகின்றது. அதிற் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து. 1977 இன் பின் இறக்குமதிகள் தளர்த்தப்பட்டதும், பால் என்றாற் பால்மா என்றே பொருள்கொள்ளும் தலைமுறை உருவாயிற்று. எங்கள் கிராமங்களிற் பசு கட்டியிருக்கும் வீட்டிலும் தேநீருக்குப் பால்மா கலக்கப்படுவதைக் காண்பது அரிதன்று.

அந்நியச் செலாவணி வற்றியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. 2021 ஒக்தோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 400 கிராம் பால்மாப் பொதி 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவாகவும், 2022 மார்ச்சில் 790 ரூபாவாகவும் உயர்ந்தது. பொதி கிடைத்தற்கே வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென 2021 இலேயே வர்த்தமானியில் வெளியாகியிருந்தது. ஆகவே ஒருநாள் முழுவதும் கொழுந்து பறித்த கூலியில் ஐந்திற் நான்கு பங்கு ஒரு சிறு பால்மாப் பொதிக்கு ஈடாயிற்று. 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும், குடும்பத்தின் உணவுச் செலவில் பாலுணவு முதலிற் கைவிடப்படும் பொருளாகவே உள்ளது.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு இவ்விடத்தில் நினைவிற்கு வரவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் 32 சதவீதம். ஏறக்குறைய இருமடங்கு. இதற்குப் பாலுணவின்மை ஒன்றே காரணம் என எவரும் கூறமாட்டார். தாயின் உடல்நிலை, வீட்டு வசதி, நீர், மலசலகூடம், தொற்றுநோய் அனைத்தும் இதிற் பங்குடையன. எனினும் விலங்குப் புரதத்தின் குறைவு அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுக்கவியலாது.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. அதே தோட்டங்களிற் பசு வளர்ப்போர் பலர் உளர். புசல்லாவை, தெல்தோட்டை, கலகா முதலிய பகுதிகளில் லயங்களின் அருகே மாட்டுத்தொழுவங்களைக் காணலாம். கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண், தலையில் புற்கட்டுடன் வருவாள். அதிகாலையிற் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றது. அங்கே கொழுப்பும் ஏனைய திண்மமும் அளக்கப்பட்டு விலை தீர்மானிக்கப்படுகின்றது. மாத முடிவில் கிடைக்கும் பணம் கடன் தீர்க்கவும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் போய்விடும். பால் வீட்டிலிருந்து நகரத்துக்குச் சென்று, கிண்ண யோகட்டாகச் சீனியும் சேர்ந்து, தோட்டக் கடைக்குத் திரும்பி வருகின்றது. பெரும்பாணாற்றுப்படை ஆய்மகளின் வீட்டில் விற்பனையின் முடிவு சுற்றத்தாரின் உணவாயிருந்தது. இங்கே உணவே விற்பனையின் விலையாகிவிட்டது.

பாலை விற்காதீர்கள் என்று அக்குடும்பத்துக்குப் போதிக்கும் உரிமை நகரத்தில் இருக்கும் எமக்கில்லை. அப்பணம் இன்றியமையாதது. ஆயினும் காலையிற் மட்டும் பால் எடுக்கும் நிலையங்கள் உள்ள இடங்களில், மாலைப்பால் விற்பனைக்குச் செல்வதில்லை. கன்றுக்கு விட்டது போக அதில் அரை லீற்றர் கிடைக்குமாயின், தயிராக அது ஏறத்தாழ 16 கிராம் புரதத்தையும் 600 மில்லிகிராம் கல்சியத்தையும் தரும். இரு சிறுவர் பங்கிட்டுக்கொள்ளத் தக்க அளவு அது. பாலாக வைத்திருப்பின் குளிர்சாதனப் பெட்டியற்ற லய அறையில் மறுநாள் கெட்டுவிடும். தயிராக்கின் மறுநாளும் உண்ணலாம். ஏழை வீட்டிற்குத் தயிரின் முதற் சிறப்பு அதன் பற்றீரியாவைவிட, இந்தக் காப்புத்தன்மையே என்று சொல்லத் தோன்றுகின்றது. பால்மாவைக் கொண்டும் தயிர் தோய்க்கலாம். ஒரு பங்கு மாவுக்கு ஏழு பங்கு நீரெனக் கரைத்துக் காய்ச்சி உறையிட்டால் 400 கிராம் பொதியில் மூன்று லீற்றரளவு கிடைக்கும். தேநீரிற் கரண்டி கரண்டியாகக் கரைந்து போகும் மா, பிள்ளையின் தட்டுக்கு வருவதற்கு இதுவும் ஒரு வழி.

எருமையின் நிலை வேறு. வயலில் உழவுயந்திரம் வந்தபின் எருமைக்கு வேலையில்லாது போயிற்று. 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனியா நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் மூழ்கின. கண்டியில் விற்கப்படும் சட்டித் தயிரைக் குறித்து 'எந்த ஊர்த் தயிர்' என்று வாங்குவோர் கேட்பதும், திசமகாராமை, அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தயிரைக் கடைக்காரர் புகழ்வதும் பொருளற்ற வழக்கமன்று.

மலைக்குளிரில் உறைதல்

தோட்ட மக்களிடையே தயிர் அருகியமைக்கு வறுமையோடு வானிலையும் ஒரு காரணம் எனலாம். இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. சராசரி வெப்பநிலை 24 பாகையை ஒட்டியது. இங்கே இரவில் உறையிட்ட பால் காலையில் தயிராகிவிடும். நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரம். சராசரி 16 பாகை, இரவுகள் அதனினும் குளிர். அங்கே அதே உறை அதே பாலில் இரண்டு நாளாயினும் இறுகாது நூல்போல் இழுபடுவதுண்டு. தாழ்நில வறட்சி மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்த முன்னோரின் கைப்பழக்கம் இக்குளிரிற் பயன்படவில்லை.

கடையில் வாங்கிய யோகட்டை உறையாக இடுவோர் அடையும் ஏமாற்றத்துக்கும் காரணம் இதுவே. அதன் பற்றீரியாக்கள் 42 பாகையை விரும்புவன. 16 பாகையில் அவை பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். மேலும், செலற்றின் இட்டு இறுகச்செய்த யோகட்டின் கட்டித்தன்மை உறையோடு வருவதில்லை. மலைப்பகுதிக்கு ஏற்றது பழகிய வீட்டுத் தயிரின் உறையே. காய்ச்சிய பால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், வழக்கத்தினும் சற்றுக் கூடுதலாக, லீற்றருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி உறையைக் கரைத்து ஊற்றி, சட்டியைச் சாக்கினாலோ பழைய கம்பளியினாலோ சுற்றி, வைக்கோலிட்ட பெட்டியில் அல்லது அணைந்த அடுப்பின் சாம்பலருகே வைத்தல்வேண்டும். உறைந்து முடியும்வரை அசைத்தலாகாது. வலை அறுந்தால் நீர் பிரிந்துவிடும். உறைந்த உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றினாற் புளிப்பு மேலும் ஏறாது. நுவரெலியாவில் அதற்குப் பெட்டி வேண்டியதில்லை, திண்ணையே போதும். நாலைந்து தடவைக்குப் பின் உறை மிகப் புளித்துத் தயிரும் நெகிழத் தொடங்கினால், அயல்வீட்டிலிருந்து புதிய உறை ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம்.